வாய்ப் புற்றுநோயும் எக்சோசோமும்: உமிழ்நீர் சேகரிப்பிலிருந்து முடிவு வாசிப்பு வரை, மதுரை ஆய்வகங்களுக்கான முழு வழிகாட்டி

தலை, கழுத்துப் புற்றுநோயில் எக்சோசோம் (செல்கள் வெளியே விடும் நுண்ணிய பை) ஆய்வு தொடங்கும் மாணவர்கள் முதலில் கேட்பது, "எந்த கிட் வாங்கலாம்?" என்பதைத்தான். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: யாரோடு யாரை ஒப்பிடப் போகிறோம்? மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து வாய்ப் புண்ணோடு வருகிறவர்களில் பலர் வெற்றிலை பாக்கோ புகையிலையோ பல வருடமாகப் போடுகிறவர்கள். அவர்களுடைய உமிழ்நீரைப் பாக்கு வாசனையே அறியாத இருபது வயதுக் கல்லூரி மாணவரின் உமிழ்நீரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கட்டாயம் வரும். அது புற்றுநோயால் வந்ததா, பாக்கால் வந்ததா, ஈறு வீக்கத்தால் வந்ததா, வயதால் வந்ததா என்று எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் சொல்லாது. இந்த வழிகாட்டியில் மாதிரியைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிபியூஜை விட மாதிரி சேகரிப்புக்கு அதிக இடம் கொடுத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

இந்த நோயில் எக்சோசோம் என்ன செய்கிறது

எக்சோசோம் என்பது செல் வெளியே விடும் சுமார் 30 முதல் 150 நானோமீட்டர் வரையிலான கொழுப்புச் சவ்வுப் பை. செல்லுக்குள் இருக்கும் எண்டோசோமின் சவ்வு உள்பக்கமாக மொட்டு விட்டுப் பல சிறு பைகளாகிறது. அந்த எண்டோசோம் செல்லின் வெளிச்சவ்வோடு இணைந்து திறக்கும்போது பைகள் வெளியேறுகின்றன. முதிர்ந்து வரும் சிவப்பணுக்களில் இதை 1983-ல் மான்ட்ரியாலிலும் செயின்ட் லூயிஸிலும் இரு குழுக்கள் தனித்தனியே கண்டன. வேண்டாத புரதத்தை வெளியேற்றும் வழி என்றே நெடுநாள் நினைத்தார்கள். 2007-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் குழு, இந்தப் பைகளில் புரதம் செய்யும் செய்தியைச் சுமக்கும் எம்ஆர்என்ஏவும், மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்என்ஏவும் (சுருக்கமாக மிர்) இருப்பதையும், வாங்கிக்கொள்ளும் செல்லில் அந்த எம்ஆர்என்ஏ புரதமாக மாறுவதையும் காட்டியது. புற்றுநோய் ஆய்வாளர்கள் கூட்டமாக இந்தப் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான்.

தலை, கழுத்துப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் செதிள் செல் வகை. அந்தக் கட்டியிலிருந்து வரும் எக்சோசோம் செய்யும் வேலைகளில், ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சான்று உள்ளவை இவை.

நோய் எதிர்ப்பை அடக்குவது முதலாவது. இந்த எக்சோசோமின் மேற்பரப்பில் பிடி-எல்1, ஃபாஸ் லிகண்ட், டிஜிஎஃப்-பீட்டா, சிடி73 ஆகிய புரதங்கள் இருக்கின்றன. இவை கட்டியைத் தாக்கும் நோய் எதிர்ப்புச் செல்களான சிடி8 டி செல்களைச் சோர்வடையவோ சாகவோ வைக்கின்றன, என்கே செல்களின் தாக்கும் திறனைக் குறைக்கின்றன. பிட்ஸ்பர்க்கின் தெரசா வைட்சைட் குழு 2018-ல், நோயாளிகளின் பிளாஸ்மாவில் எக்சோசோமோடு வரும் பிடி-எல்1 நோயின் தீவிரத்தோடு சேர்ந்து ஏறுவதையும், தனியாகக் கரைந்திருக்கும் பிடி-எல்1 அப்படி ஏறாததையும் காட்டியது. பிடி-எல்1 வழியிலான இந்த அடக்குதலைத் தடுக்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் இந்த நோய்க்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துகள். அவை யாருக்கு வேலை செய்யும் என்று முன்கூட்டியே அறிய இந்த அளவு உதவுமா என்பது இன்னும் ஆய்வில் இருக்கும் கேள்வி.

அடுத்தது பரவல். கட்டியின் நடுவே ஆக்சிஜன் குறையும்போது செல்கள் எக்சோசோமை அதிகமாக விடுகின்றன, அதில் மிர்-21 கூடுகிறது. அதை வாங்கும் பக்கத்துச் செல்கள் இடம்பெயரும் குணத்தைப் பெறுகின்றன. சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்துக்கான எதிர்ப்பும் இப்படித்தான் கைமாறுகிறது. எதிர்ப்புள்ள வாய்ப் புற்றுசெல்லின் எக்சோசோமில் வரும் மிர்-21, பிடென் என்னும் காவல் புரதத்தைக் குறைத்துவிடுகிறது. கட்டியைச் சுற்றியுள்ள நார்செல்கள் விடும் மிர்-196ஏ-வும் இதே எதிர்ப்பைக் கொடுக்கிறது. எஃப்ரின்-பி1 புரதம் கொண்ட எக்சோசோம் கட்டிக்குள் நரம்பை வளரத் தூண்டுவதை 2018-ல் காட்டினார்கள். நரம்போரம் பரவும் கட்டி திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதை அறிந்த அறுவை மருத்துவருக்கு அது முக்கியமான செய்தி.

மூக்குத்தொண்டைப் புற்றுநோயில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் எல்எம்பி1 புரதமே எக்சோசோமில் ஏறிப் போகிறது. தொண்டைப் பகுதியில் எச்பிவி-16 வைரஸ் உள்ள கட்டிக்கும் இல்லாத கட்டிக்கும் எக்சோசோம் சரக்கு வேறுபடும். ஆகவே "தலை, கழுத்து" என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். மதுரைப் பக்கத்தில் போதுமான எண்ணிக்கையில் கிடைப்பது கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கு ஆகிய இடத்துக் கட்டிகள். முதல் ஆய்வு அவற்றோடு நிற்கட்டும்.

ஆட்களைத் தேர்வு செய்வது

மூன்று கூட்டம் தேவை. வாய்ப் புற்றுநோய் உறுதியானவர்கள் ஒன்று. வெற்றிலை, பாக்கு அல்லது புகையிலை போட்டும் புற்றுநோய் இல்லாதவர்கள் இரண்டாவது. வாயில் வெள்ளைப்படலமும், வாய் இறுகிப்போகும் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸும் உள்ளவர்களை இந்தக் கூட்டத்தில் கலக்காமல் தனியாகக் குறித்து வையுங்கள். எதையும் போடாதவர்கள் மூன்றாவது. மூன்றிலும் வயதும் பாலினமும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும், ஒவ்வொருவருக்கும் ஈறு நோய் உண்டா என்று பல் மருத்துவர் பார்த்து எழுத வேண்டும். பணம் போதாது, இரண்டு கூட்டம்தான் முடியும் என்றால் மூன்றாவதை விடுங்கள். இரண்டாவதை விடாதீர்கள். பாக்கைப் புகையிலை சேராமலே புற்றுநோய்க் காரணியாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் முதல் வகையில் சேர்த்தது. எனவே "வெறும் வெற்றிலை பாக்குத்தான், போயிலை இல்லை" என்று சொல்கிறவரைப் பழக்கம் இல்லாதவர் பட்டியலில் போடக் கூடாது.

பழக்கத்தை எழுதும் படிவத்தில் "புகையிலை: ஆம்/இல்லை" என்று ஒரே கட்டம் வைத்தால் எதற்கும் உதவாது. என்ன பாக்கு, சுண்ணாம்பு உண்டா, போயிலைச் சேர்ப்பு உண்டா, பொட்டலப் புகையிலையா, எத்தனை வருடம், நாளுக்கு எத்தனை தடவை, எந்தக் கன்னத்தில் ஒதுக்குவார், கடைசியாகப் போட்டது எப்போது என்று தனித்தனியாகக் கேளுங்கள். குட்காவுக்கும் பான்மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருப்பதால், அதைப் போடுகிறவர் உடனே ஒப்புக்கொள்ள மாட்டார். படிவத்தில் பெயர் வராது, எண் மட்டும்தான் என்று முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால் பதில் வரும்.

மாதிரியை எப்போது எடுப்பது என்பதில்தான் பலருடைய ஆய்வும் சறுக்குகிறது. பயாப்சிக்கு (புண்ணிலிருந்து திசு எடுத்துச் சோதிப்பது) பிறகு எடுத்தால் காயத்தின் ரத்தமும் வீக்கத்தின் எக்சோசோமும் கலந்து வரும். பயாப்சிக்கு முன் எடுக்கலாம் என்றால், யாருக்குப் புற்றுநோய் என்று அப்போது தெரியாது. இதற்கு வழி உண்டு. சந்தேகப்படும் புண்ணோடு புறநோயாளிப் பிரிவுக்கு வரும் எல்லாரிடமும் வரிசையாக எடுத்துவிட்டு, திசு அறிக்கை வந்த பிறகு கூட்டம் பிரியுங்கள். ஆய்வகத்தில் வேலை செய்பவருக்கு எந்த ட்யூப் யாருடையது என்று தெரியாது என்பதும் இதில் கிடைக்கும் லாபம்.

இதற்கெல்லாம் முன்பே நிறுவன நெறிக்குழு அனுமதி கையில் இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 தேசிய நெறிமுறைகள்படி ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். மிச்ச மாதிரியைப் பின்னாளில் வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்பதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள்.

உமிழ்நீர் எடுப்பது

காலை எட்டிலிருந்து பத்துக்குள் எடுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் சாப்பாடு, டீ, பல் துலக்கல், வெற்றிலை எதுவும் கூடாது. உசிலம்பட்டியில் முதல் பஸ் பிடித்து வந்த பாட்டி பஸ்ஸிலேயே ஒரு தடவை போட்டிருப்பார். அதை அதட்டிக் கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். கேட்கிற மாதிரி கேட்க வேண்டும்:

"அப்பத்தா, காலையில எந்திரிச்சு வெத்தலை போட்டாச்சா?"

"ஒரு வாய் போட்டேன்யா, ஆரப்பாளையம் வர்றப்ப."

"சரித்தா, பரவால்ல. இந்தத் தண்ணியில நல்லா கொப்புளிச்சுத் துப்பிருங்க. கொஞ்ச நேரம் ஒக்காந்திருப்போம். அப்புறம் வாயில தானா ஊறுறத மட்டும் இதுல விடணும். காரித் துப்பக் கூடாது, சரியா?"

கடைசி வரி விட்டுப்போகக் கூடாதது. காரித் துப்பினால் தொண்டைச் சளியும் மூக்கு நீரும் வந்துவிடும், அவற்றில் உள்ள எக்சோசோம் வாய்க்குச் சம்பந்தமில்லாதது. போட்டு ஒரு மணி நேரம் ஆகவில்லை என்றால் காத்திருக்க வையுங்கள், கொப்புளித்த பிறகு பத்து நிமிடமாவது விடுங்கள். பாக்கின் டானின்கள் புரதத்தோடு ஒட்டி வீழ்படிவாக்கும், ஆர்என்ஏவை அளக்க உதவும் பிசிஆர் சோதனையின் நொதியையும் தடுக்கும். சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டும். அதைவிடத் தொல்லை என்னவென்றால், வெற்றிலைச் சிவப்பில் ரத்தச் சிவப்பு ஒளிந்துகொள்ளும்.

தலையைக் குனிந்து, வாயைச் சற்றுத் திறந்து, பனியில் செருகிய 50 மி.லி. ட்யூபில் உமிழ்நீர் வடிய வேண்டும். தூண்டாத நிலையில் நிமிடத்துக்கு சுமார் 0.3 முதல் 0.4 மி.லி. ஊறும், ஆகவே 5 மி.லி.க்குக் கால் மணி நேரம் பிடிக்கும். எலுமிச்சையோ மெழுகோ கொடுத்து வேகப்படுத்தாதீர்கள். தூண்டினால் எந்தச் சுரப்பியிலிருந்து வருகிறது என்ற விகிதமே மாறும். வாய் திறக்க முடியாதவருக்கு 50 மி.லி. ட்யூபின் வாய் பெரிது. சுத்தமான சிறு புனல் வைத்துக் கீழுதட்டோரம் வடியவிடலாம். கதிர்வீச்சு முடிந்த பலருக்கு நிமிடத்துக்கு 0.1 மி.லி.கூட வராது. பதினைந்து நிமிடத்தில் 1 மி.லி. தேறினால் அதோடு நிறுத்தி அளவை எழுதுங்கள், வற்புறுத்தாதீர்கள். அப்படிப்பட்டவர்களை ரத்த மாதிரிக் கூட்டத்துக்கு மாற்றுவதே நல்லது.

ட்யூப் நிறைந்ததும் புரதத்தைச் சிதைக்கும் நொதியை அடக்கும் புரோட்டியேஸ் தடுப்பான் சேர்த்து, இரண்டு மணி நேரத்துக்குள் சென்ட்ரிபியூஜின் முதல் சுற்றுக்குப் போக வேண்டும். பாலரெங்காபுரம் புற்றுநோய்ப் பிரிவில் எடுத்துப் பல்கலை நகருக்குக் கொண்டுபோவது என்றால் நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். போலியோ சொட்டு மருந்துக்கு எடுத்துப் போகும் வாக்சின் கேரியரில் நாலு ஐஸ் பேக் வைத்தால் தாராளம். உமிழ்நீர் உறைந்துவிடாதபடி பேக்குகளைக் கொஞ்சம் வியர்க்கவிட்டு அடுக்குங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளையும் அதன் முன்பின் நாட்களையும் அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள். அன்றைக்கு எந்த வண்டியும் நேரத்துக்குப் போய்ச் சேராது. மருத்துவமனையிலேயே சிறிய குளிர் சென்ட்ரிபியூஜ் இருந்தால் 300, 2,000 ஜி (புவியீர்ப்பின் மடங்கு) சுற்றுகளை அங்கேயே முடித்துவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் கொண்டுபோகலாம். செல்கள் வழியில் உடைந்து உள்ளிருப்பதைக் கொட்டுவது அதனால் தவிரும்.

ரத்தம் எடுப்பதாக இருந்தால்

உமிழ்நீருக்குச் சொன்னதற்கு நேர்மாறு: ரத்தத்தைப் பனியில் வைக்காதீர்கள். குளிர்ந்தால் பிளேட்லெட்டுகள் கிளர்ந்து தங்கள் பைகளை விடும், நீங்கள் எண்ணுவது பிளேட்லெட் பைகளாகத்தான் இருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் அல்லது இடிடிஏ ட்யூபில் எடுக்கவும். ஹெப்பாரின் வேண்டாம், அது பிசிஆரைத் தடுக்கும், பைகளோடும் ஒட்டும். 21 கேஜ் ஊசி, இறுக்கிக் கட்டாத பட்டை, முதல் இரண்டு மூன்று மி.லி.யை வேறு சோதனைக்கு விட்டுவிட்டு அடுத்ததை எடுப்பது என்பது வழக்கம். ட்யூபை நிமிர்த்தி வையுங்கள், குலுக்காதீர்கள். "அறை வெப்பநிலை" என்று நெறிமுறையில் இருப்பது 20 முதல் 25 டிகிரி. சித்திரையில் மதுரை வார்டின் வெப்பம் அதற்கு எங்கோ மேலே நிற்கும். ஏசி அறையில் ட்யூபை வைத்திருந்து, ஐஸ் போடாத தெர்மோகோல் பெட்டியில் கொண்டுபோங்கள்.

இரண்டு மணி நேரத்துக்குள் 2,500 ஜி-யில் 15 நிமிடம், பிளாஸ்மாவை அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு எடுத்து, மறுபடி அதேபடி ஒரு முறை. சிவப்பணு உடைந்திருக்கிறதா என்று 414 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலில் பாருங்கள். உடைந்ததை விலக்கி வைப்பதே சரி. வெறும் வயிற்றில் எடுப்பது கட்டாயம். இட்லி சாம்பார் சாப்பிட்டு வந்தவரின் பிளாஸ்மாவில் கைலோமைக்ரான் என்னும் கொழுப்புத் துகள் மிதக்கும், துகள் எண்ணும் கருவிக்கு அதுவும் எக்சோசோமும் ஒன்றுதான்.

பிரித்தெடுப்பது

உமிழ்நீரில் முதல் எதிரி மியூசின் என்னும் பிசுபிசுப்பான புரதம். வெண்டைக்காய்க் கொழகொழப்பு மாதிரி பைப்பெட் முனையில் இழுபடும், அதற்குள் சிக்கிய பைகள் முதல் சுற்றிலேயே குப்பையோடு போய்விடும். அதே அளவு குளிர்ந்த பிபிஎஸ் (உப்புக் கரைசல்) கலந்து, 18 கேஜ் ஊசியில் மெதுவாக ஐந்தாறு தடவை இழுத்து விட்டு, பிறகு 21 கேஜில் அதேபடி செய்யுங்கள். நுரை வரும் வேகம் கூடாது.

பிறகு எல்லாம் 4 டிகிரியில்:

300 ஜி, 10 நிமிடம். செல்கள் இறங்கும்.
2,000 ஜி, 20 நிமிடம். செத்த செல்லும் பாக்குத் துகளும் போகும்.
12,000 ஜி, 30 நிமிடம். பெரிய பைகள் இறங்கும். இந்த அடிப்படிவைக் கொட்டாமல் 50 மைக்ரோலிட்டர் பிபிஎஸ்ஸில் எடுத்து வையுங்கள், பிறகு ஒப்பிடத் தேவைப்படும்.
100,000 ஜி, 70 நிமிடம். அடிப்படிவைப் புது பிபிஎஸ்ஸில் கரைத்து, மறுபடி 100,000 ஜி, 70 நிமிடம்.

0.22 மைக்ரான் வடிகட்டியை இடையில் நுழைக்கும் ஆசை வரும். 12,000 ஜி-க்கு முன் வைத்தால் உமிழ்நீர் அடைத்துக்கொள்ளும், அழுத்தித் தள்ளினால் பெரிய பைகள் கிழிந்து சிறிய பைகளாக வெளிவரும்.

ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கான சுழற்சி எண்ணிக்கை) யாரோ எழுதிய நெறிமுறையிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். ஜி = 1.118 × 10⁻⁵ × ஆரம் (செ.மீ.) × ஆர்பிஎம்மின் வர்க்கம். உங்கள் ரோட்டரின் (ட்யூப்களைச் செருகிச் சுழற்றும் பகுதி) ஆரம் 8 செ.மீ. என்றால் 100,000 ஜி-க்கு சுமார் 33,400 ஆர்பிஎம் வேண்டும். "30,000-ல் ஓட்டினோம்" என்று வேறொரு ரோட்டர்க்காரர் சொன்னதை நம்பி ஓட்டினால் உங்களுக்குக் கிடைப்பது 80,500 ஜி-தான், சிறிய பைகளில் ஒரு பங்கு மேல்நீரிலேயே நின்றுவிடும். துகள் எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்பதைக் காட்டும் ரோட்டரின் கே-எண் மாறினால் நேரமும் மாறும். அதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

மெல்லிய சுவர் ட்யூப்களை விளிம்புக்கு 2, 3 மில்லிமீட்டர் வரை நிரப்பாவிட்டால் வெற்றிடத்தில் நசுங்கும். எதிரெதிர் ட்யூப்களைத் தராசில் வைத்து 0.1 கிராமுக்குள் சமன் செய்யுங்கள், கண்மட்டம் போதாது. கோண ரோட்டரில் அடிப்படிவு வெளிப்பக்கச் சுவரில் ஒட்டும், பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. ட்யூபை வைக்கும் முன் வெளிப்பக்கம் எது என்று மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால், முடிந்த பிறகு எந்த இடத்தில் பைப்பெட் தட்ட வேண்டும் என்று தெரியும். ரோட்டர் நின்ற உடனே எடுத்து மேல்நீரைக் கவிழ்த்துவிடுங்கள். டீ குடித்துவிட்டு வந்து எடுத்தால் பாதி திரும்பக் கரைந்திருக்கும்.

மின்சார வாரியத்தின் மாதப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு முதல் நாள் செய்தித்தாளில் வந்துவிடும். அன்றைக்கு அல்ட்ரா சென்ட்ரிபியூஜைத் தொடாதீர்கள். ஜெனரேட்டர் மாறும் அந்தச் சில நொடியே ஓட்டத்தை நிறுத்தப் போதும். நடுவில் நின்றுவிட்டால், நின்ற இடத்திலிருந்து மீதி நேரத்தைக் கணக்கிட்டுத் தொடராதீர்கள். அடிப்படிவைக் கலக்கி முழு 70 நிமிடமும் புதிதாக ஓட்டி, அந்த மாதிரியின் எண்ணோடு அதைக் குறியுங்கள். முடிவு வாசிக்கும் நாளில் அது துருத்திக்கொண்டு நின்றால் காரணம் தெரியும்.

அல்ட்ரா சென்ட்ரிபியூஜ் மட்டும் போதுமா? உமிழ்நீருக்கு ஓரளவு போதும், பிளாஸ்மாவுக்குப் போதாது. பிளாஸ்மாவில் ஆல்புமினும் லிப்போபுரதமும் கூடவே இறங்கும். செஃபரோஸ் சிஎல்-2பி மணிகள் நிரப்பிய, அளவைப் பொறுத்துப் பிரிக்கும் 10 மி.லி. சைஸ் எக்ஸ்குளூஷன் குழாய் (column) ஒன்றைச் சொந்தமாகவே நிரப்பிக்கொள்ளலாம். 0.5 மி.லி. மாதிரியை ஏற்றி, 0.5 மி.லி. வீதம் பின்னங்களை (வரிசையாக வரும் சிறு பங்குகளை) சேகரித்தால் பைகள் ஏறத்தாழ 7 முதல் 10 வரையிலான பின்னங்களில் வரும், புரதக் கூட்டம் அதற்குப் பின்னால் வரும். உங்கள் குழாயில் எந்தப் பின்னம் என்பதை முதல் மாதிரியில் எல்லாப் பின்னத்துக்கும் 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலும் (புரதத்துக்கு), சிடி63-யும் (பைகளின் அடையாளப் புரதம்) பார்த்து முடிவு செய்யுங்கள். எங்கள் பரிந்துரை: உமிழ்நீருக்கும் 12,000 ஜி-க்குப் பிறகு 100 கிலோடால்டன் வடிகட்டியில் 0.5 மி.லி.யாகச் சுருக்கி, இந்தக் குழாயில் ஏற்றுவது. உமிழ்நீரில் நிறைந்த அமைலேஸ் நொதி நன்றாக நீங்கும், அல்ட்ரா சென்ட்ரிபியூஜ் வரிசைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

பாலிஎதிலீன் கிளைக்கால் சேர்த்து இரவெல்லாம் வைத்து இறக்கும் கிட்கள் எளிது, மகசூலும் கண்ணுக்குத் தெரியும். தெரிவதில் பெரும்பகுதி புரதம். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லப்போகிற ஆய்வுக்கு அவை வேண்டாம்.

கிடைத்தது எக்சோசோம்தானா

எக்ஸ்ட்ராசெல்லுலார் வெசிக்கிள் (செல் வெளியே விடும் பை) ஆய்வுக்கான சர்வதேச சங்கத்தின் மிசெவ் நெறிமுறை 2014, 2018, 2023 என்று மூன்று முறை வந்திருக்கிறது. எண்டோசோமிலிருந்து வந்தது என்று நிரூபிக்காத வரை கட்டுரையில் "சிறு எக்ஸ்ட்ராசெல்லுலார் வெசிக்கிள்" என்றே எழுதச் சொல்கிறது. குறைந்தபட்சம் மூன்று வகைச் சான்று காட்டுங்கள்.

துகள் எண்ணிக்கை: நானோ டிராக்கிங் கருவியில் வீடியோவின் ஒரு ஃபிரேமில் 20 முதல் 100 துகள் தெரியும்படி நீர்த்து, 60 நொடி வீடியோ மூன்று முதல் ஐந்து எடுங்கள். நீர்க்கப் பயன்படுத்தும் பிபிஎஸ்ஸை 0.1 மைக்ரானில் வடிகட்டி, அதை மட்டும் தனியாக ஓட்டிப் பாருங்கள். வடிகட்டாத பிபிஎஸ்ஸில் உப்புத் துகள் கூட்டமாகத் தெரியும், அதை எக்சோசோம் என்று எண்ணியவர்கள் உண்டு. உமிழ்நீரில் இன்னொரு சிக்கல்: வாய்ப் பாக்டீரியாக்கள் விடும் சவ்வுப் பைகளும் இதே அளவுதான். ஈறு நோய் உள்ளவருக்கு எண்ணிக்கை கூடினால் அது கட்டியின் கணக்கல்ல. ஆகவே மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்து எந்த முடிவும் சொல்லாதீர்கள்.

வெஸ்டர்ன் பிளாட் (ஆன்டிபாடி கொண்டு புரதத்தைக் காட்டும் சோதனை): இருக்க வேண்டியவை சிடி9 (சுமார் 24 கிலோடால்டன்), சிடி63 (30 முதல் 60 வரை பரந்த கறை), டிஎஸ்ஜி101 (சுமார் 46), அலிக்ஸ் (சுமார் 96). இருக்கக் கூடாததற்கு, செல்லுக்குள்ளேயே தங்கும் புரதமான கால்நெக்சின் (சுமார் 90). பிளாஸ்மாவுக்கு அப்போ-பி அல்லது ஆல்புமின், உமிழ்நீருக்கு அமைலேஸ். சிடி63, சிடி9, சிடி81 ஆகியவற்றின் பல ஆன்டிபாடிகள் ஒடுக்கும் பொருளான மெர்காப்டோஎத்தனால் சேர்த்தால் பிடிக்காது. கறையே வரவில்லை என்று ஆன்டிபாடியைக் குறை சொல்வதற்கு முன் ஒடுக்காத நிலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். செல் சாறு ஒன்றைப் ஜெல்லின் பக்கத்துக் குழியில் போட்டால்தான் கால்நெக்சின் "இல்லை" என்பதற்கு அர்த்தம் உண்டு.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கிண்ணம் போலத் தெரிவது உலரும்போது வரும் வடிவம், உண்மையில் அவை உருண்டை. "கிண்ண வடிவம் தெரிந்தது, எனவே எக்சோசோம்" என்ற வரியை ஆய்வேட்டிலிருந்து நீக்குங்கள்.

தூய்மைக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. துகள் எண்ணிக்கையைப் புரத அளவால் வகுத்தால், ஒரு மைக்ரோகிராம் புரதத்துக்கு 3 × 10¹⁰ துகளுக்கு மேல் என்றால் நல்ல தூய்மை. 2 × 10⁹-க்கும் 2 × 10¹⁰-க்கும் இடையே இருந்தால் தூய்மை குறைவு. 1.5 × 10⁹-க்குக் கீழே என்றால் உங்களிடம் இருப்பது புரதம், அதில் சில பைகள்.

ஆர்என்ஏ அளப்பது

பைக்கு உள்ளே இருப்பதுதான் வேண்டும் என்றால், முதலில் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே, பிறகு ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் கொடுத்து வெளியே ஒட்டியதைக் கரைத்துவிட்டுப் பிரியுங்கள். புரோட்டினேஸை முழுதாக அடக்காமல் ஆர்என்ஏஸைச் சேர்த்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். ஆர்என்ஏ பிரிக்கும் கரைசல் ஊற்றிய பிறகு சி. எலிகன்ஸ் என்னும் புழுவின் மைக்ரோ ஆர்என்ஏவான செல்-மிர்-39-ஐ (cel-miR-39) அளந்து சேர்த்துக்கொள்ளுங்கள், பிரிப்பில் ஏற்படும் இழப்பை அது காட்டும். யு6 என்னும் சிறு ஆர்என்ஏவை ஒப்பளவாக வைக்கும் செல் ஆய்வுப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். எக்சோசோமில் அது நிலையாக இருப்பதில்லை.

ரத்தக் கலப்பைச் சோதிக்க பிசிஆரில் மிர்-23ஏ தென்படும் சுழற்சி எண்ணிலிருந்து (Ct) மிர்-451ஏ தென்படும் சுழற்சி எண்ணைக் கழியுங்கள். 7-க்கு மேல் போனால் பிளாஸ்மாவில் சிவப்பணு உடைவு என்று சந்தேகிக்கலாம். உமிழ்நீரில் சிறுநீர்ச் சோதனைப் பட்டையை வைத்து ரத்தம் பார்க்காதீர்கள். அந்தப் பட்டை பெராக்சிடேஸ் வினையால் நிறம் மாறுவது, உமிழ்நீரில் இயல்பாகவே பெராக்சிடேஸ் உண்டு. 414 நானோமீட்டரும் வெற்றிலைச் சாயத்தால் குழம்பும். ரத்தப் புரதமான டிரான்ஸ்ஃபெரினை ஆன்டிபாடியால் அளக்கும் எலைசா சோதனை செலவு கூடியது, ஆனால் இந்தப் பக்கத்து மாதிரிக்கு அதுவே நம்பகம்.

மிர்-21 கூடியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து வாய்ப் புற்றுநோய் அடையாளம் என்று எழுதுவது மலிந்துவிட்டது. அது வீக்கத்திலும் கூடும், வேறு பல புற்றுநோயிலும் கூடும். மிர்-24-3பி, மிர்-412-3பி, மிர்-512-3பி ஆகியவை வாய்ப் புற்றுநோயாளியின் உமிழ்நீர்ப் பைகளில் கூடுவதாக வந்திருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பாருங்கள், வெற்றிலை போடும் கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே வித்தியாசம் மறைந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். அது பாக்கைப் பற்றிய ஒரு முடிவு.

செல்லில் வேலை காட்டுவது

பிரித்ததைக் கேல்-27 அல்லது ஃபாடு போன்ற செல் வரிசையில் கொடுத்து இடப்பெயர்வு, சிஸ்பிளாட்டின் எதிர்ப்பு எதையாவது காட்ட விரும்பினால் இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. வளர்ப்பு ஊடகத்தில் ஊற்றும் மாட்டுச் சீரமே எக்சோசோம் நிறைந்தது. அதை 100,000 ஜி-யில் 18 மணி நேரம் ஓட்டிய பிறகுதான் பயன்படுத்த வேண்டும். அடுத்தது, பைகளின் சவ்வுக்கு நிறமேற்றும் பிகேஎச் சாயம். அது தனக்குத்தானே கூடி எக்சோசோம் அளவிலேயே துகளாகும், செல்லும் அதை விழுங்கும், நுண்ணோக்கியில் அழகான பச்சைப் புள்ளி தெரியும். எக்சோசோம் சேர்க்காத பிபிஎஸ்ஸில் அதே சாயத்தைக் கலந்து, அதேபடி கழுவி, அந்த ட்யூபையும் செல்லுக்குக் கொடுத்துப் பாருங்கள். அதிலும் புள்ளி தெரிந்தால் சோதனை செல்லாது.

வைத்திருப்பது

பிரித்த பைகளை 25 மைக்ரோலிட்டர் வீதம் ஒட்டாத ட்யூப்களில் பிரித்து மைனஸ் 80-ல் வையுங்கள். மைனஸ் 20-ல் வைத்தால் கூடி உடையும், எண்ணிக்கை சரியும். வெறும் பிபிஎஸ்ஸில் வைப்பதைவிட ஆல்புமினும் டிரெஹலோஸ் என்னும் சர்க்கரையும் சேர்த்த பிபிஎஸ்ஸில் நன்றாகத் தாங்கும். ஆனால் புரதம் அளக்க வேண்டிய பங்கில் ஆல்புமின் சேர்க்கக் கூடாது, அதைத் தனியாக வையுங்கள். ஒருமுறை உருக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். கோடையில் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். ஃப்ரீசரின் காற்று வடிகட்டியில் தூசி அடைத்தால் முதலில் பிரச்சினை காட்டுவது மே மாதத்தில்தான், பங்குனியிலேயே அதைத் துடைத்துவிடுங்கள்.

நோயாளியிடம் என்ன சொல்வது

எக்சோசோம் அளவைக் கொண்டு வாய்ப் புற்றுநோய் உண்டு, இல்லை என்று சொல்லும் நடைமுறைச் சோதனை இப்போது இல்லை. ஆகவே ஆய்வு முடிவை நோயாளி கையில் கொடுக்காதீர்கள். "எச்சில் டெஸ்டுல ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க" என்று பயாப்சியைத் தள்ளிப்போடுவார். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப் புண்ணுக்குத் திசுச் சோதனைதான் வழி என்பதை மாதிரி எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். எக்சோசோம் ஊசி என்று விற்கப்படுவதைப் பற்றிக் கேட்பார்கள். அமெரிக்க மருந்து ஆணையம் அப்படிப்பட்ட பொருட்களுக்கு எதிராக 2019-லேயே பொது எச்சரிக்கை விட்டிருக்கிறது. புற்றுநோயாளிக்கு அது வேண்டாம் என்று நேராகவே சொல்லலாம்.

எழுதும்போது

ரோட்டரின் பெயர், ஆரம், கே-எண், ட்யூப் வகை, ஒவ்வொரு சுற்றின் ஜி, நேரம், வெப்பம், மாதிரி எடுத்ததற்கும் முதல் சுற்றுக்கும் இடைப்பட்ட நிமிடங்கள், கடைசியாக வெற்றிலை போட்டதிலிருந்து ஆன நேரம், ஆன்டிபாடியின் குளோன் எண், நீர்த்த அளவு ஆகியவற்றை ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரே அட்டவணையில் அன்றன்றைக்கே ஏற்றுங்கள். எக்சோசோம் ஆய்வு முறைகளைப் பதிந்துவைக்க 2017-ல் தொடங்கிய ஈவி-டிராக் தளம் கேட்கும் விவரங்களில் பல இதிலேயே வந்துவிடும், கட்டுரையை அனுப்பும் முன் அங்கே பதிந்து எண் வாங்கிக்கொள்ளலாம். வெற்றிலை நேரத்துக்கு அங்கே தனிக் கட்டம் கிடையாது. அதை இணைப்பு அட்டவணையில் நீங்களே சேர்த்துவிடுங்கள்.